கார்சாம்ப்: நகர்வும் கருவியும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும்

போக்கிமான் விளையாட்டில் டிராகன், நிலம் ஆகிய இரு வகைகளையும் சேர்ந்த போக்கிமானான கார்சாம்புக்கு, தாக்குதல் திறனை உயர்த்தும் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் நகர்வையும் சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற அணிகருவியையும் சேர்த்து ஒரு கட்டுரையில் பரிந்துரைத்திருக்கும் கட்டுரையாளருடன் என்னால் உடன்பட முடியவில்லை. ஸ்கார்ஃப் வேகத்தை 1.5 மடங்காக்கினாலும், முதலில் தேர்ந்த நகர்விலேயே போக்கிமானைக் கட்டிவைத்துவிடுவதால், தாக்குதல் திறனை இரட்டிப்பாக்கிய பிறகு அதைப் பயன்படுத்த வழியின்றிக் களத்தை விட்டு விலக நேரிடும். விலகினால் பெற்ற உயர்வும் போய்விடும். ஸ்வோர்ட்ஸ் டான்ஸ்தான் வேண்டுமெனில், கார்சாம்ப் மீது நான்கு மடங்காக விழும் பனி வகைத் தாக்குதலை ஒருமுறை பாதியாகக் குறைக்கும் யாச்சே பெர்ரியே பொருத்தமானது. தாக்குதலின் பலத்தைக் கூட்டும் லைஃப் ஆர்ப் கருவியும் நல்லதுதான், உயிர்ப்புள்ளிகளில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு தாக்குதலுக்கும் இழக்கத் துணிவிருந்தால்.

ஒவ்வொரு தரப்பிலும் இரண்டு போக்கிமான்கள் ஒரே நேரத்தில் களமிறங்கும் இருவர் ஆட்டத்தைப் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. அங்கே சுற்றியிருப்பவர் அனைவரையும் தாக்கும் நில வகை நகர்வான எர்த்க்வேக், பறக்கும் வகையோ (மிதந்து அதிலிருந்து தப்பவைக்கும்) லெவிடேட் திறனோ இல்லாத நம் கூட்டாளியையும் தாக்கும். ஒன்றுக்கு மேற்பட்டவரைத் தாக்கும்போது அதன் 100 வலிமை 75 ஆகக் குறைகிறது. ஒரே எதிரியைத் தாக்கும் மற்றொரு நில வகை நகர்வான ஸ்டாம்பிங் டான்ட்ரமின் வலிமையும் 75 என்பதால், கூட்டாளியைக் காயப்படுத்தாமல் அதே அடியைக் கொடுக்கலாம், எதிரிகள் இருவரையும் ஒருசேரத் தாக்கும் வாய்ப்பை மட்டும் இழக்கிறோம். கூட்டாளி யார் என்று முடிவு செய்யாமல் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வதில் பொருளில்லை.

கார்சாம்பின் ரஃப் ஸ்கின் திறனுடன் ராக்கி ஹெல்மெட் கருவியையும் அணிவித்தால், தொட்டுத் தாக்கும் எதிரி ஒவ்வொரு அடிக்கும் தன் முழு உயிர்ப்புள்ளிகளில் எட்டில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் சேர்த்து இழக்கும் என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.