காசு வாங்கும்போது முதலாளி, கேள்வி கேட்டால் புரோக்கரா?

"சார், நாங்க நடுவுல இருக்கிறவங்கதான். உங்களுக்கு வித்தது பழைய ஓனர். எதுவா இருந்தாலும் அவர்கிட்ட கேளுங்க."

கார் எடுத்து இருபது நாள்கூட ஆகியிருக்காது. கிளட்ச் வழுக்குகிறது, கூலன்ட் தினமும் குறைகிறது, ஆர்.சி.யில் இன்னும் பெயர் மாறவில்லை என்று போன் போட்டால் செகண்ட் ஹேண்ட் கார் டீலரிடமிருந்து வரும் பதில் இது. அதுவும் பத்தாவது தடவை அடித்த பிறகு. கேட்டாலே ரத்தம் கொதிக்கிறது. ரோட்டோரம் முப்பது வண்டியை வரிசையாக நிறுத்தி, போர்டு மாட்டி, விலை பேசி, அட்வான்ஸ் வாங்கி, லோன் போட்டுக் கொடுத்து அதிலும் கமிஷன் பார்த்தவர், பிரச்சினை என்று வந்ததும் யாரோ மூன்றாம் மனிதர் ஆகிவிடுகிறார். அப்படியென்றால் அந்தப் பணத்தை எண்ணி வாங்கிய கை யாருடையது?

இந்தத் தைரியம் அவருக்குப் பேப்பரிலிருந்து வருகிறது. பழைய ஓனரிடம் வண்டியை எடுக்கும்போதே, ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதற்கான பார்ம் 29, பார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாங்குபவர் பெயர் காலி, தேதி காலி. வண்டி நாலு மாதம் ஷெட்டில் நிற்கும். யாராவது வாங்க வந்தால் அவர் பெயரை நிரப்பி, பழைய ஓனர் நேரடியாக அவருக்கு விற்றதாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும். நடுவில் லாபம் பார்த்தவரின் பெயர் எந்தத் தாளிலும் வராது. வாங்கியவர் கையில் மிஞ்சுவது ஒரு டெலிவரி நோட். "வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன். இன்று இத்தனை மணி முதல் எல்லாப் பொறுப்பும் என்னுடையது" என்று அச்சடித்து, கீழே கையெழுத்து. அது வாங்கியவரைக் கட்டிப்போடுகிற சீட்டு. விற்றவரைக் கட்டிப்போட அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

பில் கேட்டால் "பில் போட்டா ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட் ஏறிடும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று மிரட்டுகிறார்கள். பச்சைப் பொய். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள டீலர் பழைய காரை விற்கும்போது மார்ஜினுக்கு மட்டும்தான் வரி. 4,00,000-க்கு வாங்கி 4,40,000-க்கு விற்றால் அந்த 40,000-க்கு 18 சதவீதம், அதாவது 7,200 ரூபாய். முழு விலைக்கு இல்லை. ஜி.எஸ்.டி. பதிவே இல்லாதவர்கூட கடைப் பெயர், வண்டி எண், சேஸிஸ் எண், மீட்டர் ரீடிங், வாங்கிய தொகை போட்டு ஒரு சாதாரண ரசீது தரலாம். தர மாட்டார்கள். ஏனென்றால் ரசீது கொடுத்த நிமிஷமே 'நடுவில் இருந்தவர்' விற்றவராகிவிடுவார். பொருளை விற்றுவிட்டு ரசீது தர மறுப்பதையே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வரையறுத்து வைத்திருக்கிறது. வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதற்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 2022 டிசம்பர் 22-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கென்று தனி விதிகளையே சேர்த்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், அது ஐந்து வருடம் செல்லும். ஓனர் வண்டியை டீலரிடம் விட்டதும் பார்ம் 29சி-யில் இணையம் வழியாகத் தகவல் தர வேண்டும். அதன்பின், வண்டி விற்கும்வரை டீலர்தான் ஓனராகக் கருதப்படுவார். வண்டி ஷெட்டை விட்டு எதற்காக வெளியே போனது என்பதற்கு டிரிப் பதிவேடு வைக்க வேண்டும். எவ்வளவு நல்ல விதி! மெயின் ரோட்டில் நடந்து போய், எத்தனை ஷெட்டில் அந்தச் சான்று சுவரில் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பார்ம் 29சி போடாமல் விட்டால் இதில் பழைய ஓனரும் மாட்டுகிறார் என்பதுதான் இன்னும் கொடுமை. 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது. வண்டி நாலு கை மாறியிருந்தாலும் அதேதான். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு "வித்தாச்சு" என்று நிம்மதியாக இருப்பவருக்கு, எங்கோ யாரோ இடித்ததற்கு நோட்டீஸ் வரும்.

வாங்கியவர் பக்கம் வேறு மாதிரி அடி விழும். "இன்சூரன்ஸ் இருக்கு சார், 50 பர்சென்ட் நோ கிளைம் போனஸோட இருக்கு" என்பார்கள். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, வண்டியோடு வராது, அது பழைய ஓனருக்குச் சொந்தம். பாலிசி மாற்றும்போது அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்கவில்லை என்றால் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டுமானால் நிற்கும், உங்கள் வண்டிக்கான சேதத்துக்குக் கிளைம் தள்ளுபடி ஆகும். பேங்க் கடன் முடியாமல் ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் பதிவு) கிடக்கும் வண்டியை "என்.ஓ.சி. வந்துட்டே இருக்கு" என்று சொல்லித் தள்ளிவிடுவதும் தினம் நடக்கிறது. பேங்க் தரும் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்கும் பார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வண்டி எண் மேலுள்ள இ-சலான் பாக்கியைப் பரிவாகன் இணையதளத்தில் இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம், அதையும் விடாதீர்கள்.

இனி வண்டிக்குள் செய்கிற வேலைகளுக்கு வருவோம். இதில்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் இதில் சில வேலைகள் உயிரோடு விளையாடுகிறவை.

ஏர்பேக் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பலமாக மோதி ஏர்பேக் வெடித்த வண்டியை முறையாகச் சரிசெய்ய ஏர்பேக், கன்ட்ரோல் யூனிட், சீட் பெல்ட் பிரிடென்ஷனர் எல்லாம் மாற்ற வேண்டும். செலவு அதிகம். அதனால் ஏர்பேக் கனெக்டரில் இரண்டு, மூன்று ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகிவிடுகிறார்கள். ஏர்பேக் இருக்கிறது என்று யூனிட் நம்பிவிடும், லைட் அணைந்துவிடும். உள்ளே ஒன்றும் இருக்காது. சில இடங்களில் ரெசிஸ்டருக்குக்கூட மெனக்கெடுவதில்லை. எச்சரிக்கை லைட்டையே பிடுங்கிவிடுவார்கள், இல்லையென்றால் ஆயில் லைட்டோடு சேர்த்து வயர் அடித்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் காத்திருங்கள். ஏர்பேக் லைட் எரிந்து, சில விநாடிகளில் தானாகவே அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பிடுங்கியிருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணும்வரை அணையாமல் இருந்து, ஆயில் லைட்டோடு சேர்ந்து அணைந்தால் வயர் மாற்றியிருக்கிறார்கள். ரெசிஸ்டர் வைத்ததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஸ்கேனர் போட்டு, கன்ட்ரோல் யூனிட்டில் மோதல் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வண்டியில்தான் ஒரு குடும்பம் முன் சீட்டில் பெரியவர்களையும் பின் சீட்டில் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஊருக்குப் போகிறது. ஏர்பேக் இல்லாத வண்டியை 'ஏர்பேக் மாடல்' என்று விற்கிறவனை வியாபாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து, மூன்றாம் மாதம் கிளம்பும் புகை. வாங்கும்போது புகையே இல்லை, இப்போது எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். 5டபிள்யூ-30 ஆயில் ஊற்ற வேண்டிய, பிஸ்டன் ரிங் தேய்ந்துபோன இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றி, கூடவே ஒரு டின் கெட்டிப்படுத்தும் மருந்தையும் சேர்த்துவிடுகிறார்கள். புகையும் சத்தமும் அமுங்கிவிடும். நீங்கள் முதல் சர்வீஸுக்கு விட்டு, கம்பெனி சொன்ன ஆயிலை மாற்றியதும் நீலப் புகை பின்னாலேயே வரும். சர்வீஸ் பண்ணியதுதான் தப்பு என்று டீலர் அதையும் உங்கள் தலையில் கட்டுவார். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் போன்றவற்றில் வந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் இந்தக் கெட்டி ஆயில் இன்னும் மோசம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும், அந்த விநாடிகளில் செயின் தளர்ந்து அடிபடும்.

ஆகவே வண்டி பார்க்கப் போகிறவர் சொல்லாமல் போங்கள், இல்லையென்றால் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போங்கள். முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டித் தயார் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆறிய பிறகு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டு, பிறகு ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்து சைலன்ஸரைப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் டீசலில் லேசான ஆவி வருவது சகஜம், விட்டு விட்டுக் குபுகுபுவென்று தள்ளினால் ரிங் போய்விட்டது. கூலன்ட் டப்பாவில் நிற்காமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

செக் இன்ஜின் லைட்டை அழிப்பது அரை நிமிஷ வேலை. ஆனால் அழித்த தடயம் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைப் போனோடு இணைத்தால், பிழைக் குறியீட்டை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பெரும்பாலான வண்டிகளில் காட்டும். அங்கே 3 கிலோமீட்டர் என்று இருந்தால் அன்று காலைதான் அழித்திருக்கிறார்கள்.

மீட்டர் குறைப்பு பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. 1,40,000 ஓடிய வண்டி 58,000 என்று நிற்கும். சேஸிஸ் எண் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி எடுங்கள், ஒவ்வொரு ஜாப் கார்டிலும் ரீடிங் இருக்கும். அதற்கு டீலர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் தனிக் கதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கணக்கில்லாத கார்கள் முங்கின. அவற்றில் பல கழுவி, சென்ட் அடித்து, வேறு ஊர் ஷெட்டுகளில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், ரீலுக்குள் சுருண்டிருக்கும் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஃபியூஸ் பாக்ஸ் பின்களில் பச்சைப் பூப்பு. இப்படிப்பட்ட வண்டியில் பிரச்சினை ஒரே நாளில் வராது. வயரிங் கனெக்டர் ஒவ்வொன்றாக அரித்து, ஒரு மாதம் பவர் விண்டோ, அடுத்த மாதம் ஏபிஎஸ், அதற்கடுத்து நடுரோட்டில் நிற்பது என்று இழுத்துக்கொண்டே போகும்.

"ஆறு மாசம் வாரன்ட்டி தர்றோமே" என்பார்கள். அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் உள் பாகங்கள் மட்டும். கிளட்ச் இல்லை, டர்போ இல்லை, இன்ஜெக்டர் இல்லை, ஏ.சி. இல்லை, சஸ்பென்ஷன் இல்லை. பழைய காரில் முதலில் போவதே இவைதான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதலில் வண்டியைக் கழற்றாதீர்கள். கோபத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு இன்ஜினைப் பிரித்துவிட்டால், "எங்ககிட்ட இருந்து போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு, வெளியில பிரிச்சுக் கெடுத்துட்டாங்க" என்று சுலபமாகத் தப்பித்துவிடுவார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டும் கோளாறுக்கான காரணத்தை எழுதிய ஜாப் கார்டும் எஸ்டிமேட்டும் வாங்குங்கள். உடனே மாற்றியே ஆக வேண்டிய பாகம் என்றால் பழையதைத் தூக்கிப் போடாமல் பையில் கட்டி வையுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுங்கள், நாளைக்கு இருக்காது. போனில் கத்துவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். அவற்றைச் சாட்சியமாக வைக்க, மின்னணு ஆதாரங்களுக்கான பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவின் சான்றிதழ் வேண்டும், அதையும் சேர்த்தே தயார் பண்ணுங்கள்.

பிறகு 15 நாள் கெடு வைத்து, டெலிவரி அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். மீட்டரைக் குறைத்ததற்கு ஆதாரம் இருந்தால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 318-ம் பிரிவின் கீழ் போலீசில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். நோட்டீஸுக்கு அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், டீலர் ஊருக்கு அலைய வேண்டாம். வண்டிக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15 நாள், அதோடு சரி. வழிகாட்ட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அங்கேயும் அவர்கள் முதல் வரியாக எழுதப்போவது "நாங்கள் புரோக்கர்தான்" என்பதுதான். அதற்குப் பதில் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான். பழைய ஓனருக்கு இல்லாமல் கடைக் கணக்குக்கே போன அட்வான்ஸ், கடைக் கணக்குக்கே போன மீதிப் பணம், கடைப் பெயர் அச்சடித்த டெலிவரி நோட், கடை போர்டு தெரியும்படி வண்டியோடு எடுத்த போட்டோ. இவற்றை மனுவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். பார்ம் 29சி போட்டாரா, அங்கீகாரச் சான்று எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் அதற்கடுத்த பத்தியில் கேளுங்கள். பழைய ஓனரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். "நான் இவருக்கு வித்ததே இல்லை, வண்டியைக் கடையில விட்டுப் பணம் வாங்கிட்டுப் போயிட்டேன்" என்று அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லப்போகும் உண்மைதான் அந்த டீலருக்கு எதிரான நேரடிச் சாட்சி.