திறப்பு விழாவுக்கு மறுநாள்

நான் தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்தில் ஒரு மின்னணுப் பலகை தொங்குகிறது. அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்வதற்காக மாட்டியது. முதல் சில வாரங்கள் சரியாகவே சொன்னது. இப்போது பல மாதங்களாக அதில் ஒரே வழித்தட எண், பக்கத்தில் '3 நிமிடம்'. காலையில் போனாலும் 3 நிமிடம், இரவில் திரும்பினாலும் 3 நிமிடம்.

நேற்று மாலை அங்கே நாற்பது நிமிடம் நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நடைபாதையிலிருந்து இறங்குவார், நெற்றியில் கையை வைத்துச் சாலை வளைவைப் பார்ப்பார், திரும்பி வந்து நிற்பார். தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண், குழந்தையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். இருக்கை என்று ஒன்று இருந்தது. உட்கார்ந்தால் சறுக்கும்படி சாய்த்துப் பொருத்திய இரும்புப் பட்டை. கடைசியில் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி இரண்டு பஸ்கள் வந்தன. முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம். பின்னால் வந்ததில் பாதி இருக்கைகள் காலி.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. முன்னால் போகும் வண்டி சற்றுத் தாமதமானால் நிறுத்தங்களில் ஆள் சேர்ந்துவிடுகிறது. ஆள் ஏற ஏற அது மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆள் இல்லாததால் அது விரைவாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அமர்ந்து இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெருமளவு சரிசெய்துவிடலாம். அந்த வேலைக்கு ஆள் போடவில்லை. பலகை மாட்டப் பணம் இருந்திருக்கிறது.

அந்தப் பலகை ஏதோ ஒரு கோப்பில் 'பணி நிறைவு' என்று பதிவாகியிருக்கும். பில் பாஸாகியிருக்கும். தணிக்கைக்கு வருகிறவர் பார்த்தால் ரசீது, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கும். இங்கே திருட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு காசுகூடத் திருடு போகாமலேயே மொத்தப் பணமும் வீணாகலாம் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அதனால்தான் போன வருடம் தகவல் கேட்டு மனுப் போட்டேன். கடந்த சில ஆண்டுகளில் பொதுப் போக்குவரத்துக்கு என்ன செலவானது, அந்தச் செலவால் எத்தனை பேர் கூடுதலாகப் பயணம் செய்கிறார்கள், காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறைந்தது? மூன்றே கேள்விகள். முதல் கேள்விக்கு நான்கு பக்கம் பதில் வந்தது: எத்தனை வண்டி வாங்கினோம், எத்தனை நிழற்குடை கட்டினோம், எத்தனை பலகை மாட்டினோம். மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி: 'இத்தகவல் தொகுக்கப்படவில்லை.' பதில் எழுதிய அலுவலர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கை எடுக்கச் சொல்லி மேலிருந்து யாரும் அவரைக் கேட்டதில்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பென்ட் ஃப்ளூவ்பியர் பல நாடுகளின் போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, தொடங்கும்போது சொன்னதையும் முடிந்தபின் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 2002இல் வெளியான ஆய்வில் 258 திட்டங்கள். அவற்றில் ரயில் திட்டங்களுக்கு ஆன செலவு, சொன்னதைவிடச் சராசரியாக 45 சதவீதம் அதிகம். 2005இல் வந்த அடுத்த ஆய்வில் 14 நாடுகளின் 210 திட்டங்கள். ரயிலில் வந்து ஏறிய பயணிகள், கணித்த எண்ணிக்கையில் சராசரியாகப் பாதிதான். பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் கணிப்பு மிகையாகவே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது தப்பின் அளவு அல்ல, அது சாயும் பக்கம். எதிர்காலத்தை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது, சரி. ஆனால் தெரியாமல் செய்த தப்பு என்றால் சில திட்டங்களில் கூடவும் சிலவற்றில் குறையவும் வேண்டும் அல்லவா? செலவு பெரும்பாலும் குறைத்தே சொல்லப்படுகிறது, ரயில் பயணிகள் எண்ணிக்கை பெரும்பாலும் கூட்டியே சொல்லப்படுகிறது. திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க எந்த எண் உதவுமோ அந்த எண்ணை நோக்கியே கணக்கு சரிகிறது. சொன்ன எண் பொய்த்துப் போனபோது சொன்னவரைக் கூப்பிட்டு யாராவது கேட்டிருந்தால், அடுத்த முறை கொஞ்சம் பயந்து எழுதியிருப்பார்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர டிராம் திட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. 54.5 கோடி பவுண்டில் நகரத்தையும் கடலோர நியூஹேவனையும் இணைப்போம் என்று 2008இல் வேலையைத் தொடங்கினார்கள். ஒப்பந்ததாரரோடு தகராறு. வேலை நின்றது. தெருக்கள் தோண்டிய நிலையில் கிடந்தன. 2014 மே 31 அன்று டிராம் ஓடியபோது செலவு 77.6 கோடி பவுண்டு, பாதையோ சொன்னதைவிடக் குட்டை. நகர நடுவிலேயே நின்றுவிட்டது. அந்த ஜூன் மாதமே விசாரணை அறிவித்தார்கள். நீதிபதி ஹார்டியின் அறிக்கை வெளிவந்தது 2023 செப்டம்பரில். டிராம் பாதை போட ஆறு வருடம், ஏன் தாமதம் என்று கண்டுபிடிக்க ஒன்பது வருடம். விசாரணைக்கே 1.3 கோடி பவுண்டு ஆகிவிட்டது. அறிக்கை வருவதற்கு மூன்று மாதம் முன்புதான் டிராம் நியூஹேவன் போய்ச் சேர்ந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். ஆனாலும் அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். முடிவெடுக்க வேண்டிய கவுன்சிலர்களுக்கே சரியான தகவல் போய்ச் சேரவில்லை என்று அது எழுதி வைத்திருக்கிறது. பல இடங்களில் அந்த அளவுக்குக்கூட நடப்பதில்லை.

இதைச் சொன்னவுடன், 'அப்படியானால் செலவைக் குறைத்துவிடலாம்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களோடு நான் இல்லை. பணத்துக்கு ஏற்ற பயன் வேறு, மலிவு வேறு. சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் 2007 பிப்ரவரி 10 அன்று நகரத்தின் பஸ் அமைப்பையே ஒரே நாளில் மாற்றினார்கள். தாறுமாறாக ஓடிய பழைய வண்டிகளுக்குப் பதில், குறைவான வண்டிகளில் திறமையாக ஓட்டலாம் என்பது திட்டம். காகிதத்தில் அழகாக இருந்தது. வண்டிகளைக் கண்காணிக்கும் கருவிகள் தயாராகவில்லை. ஆளை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஓட்டும் நிறுவனங்களுக்கு வருமானம் பெரும்பாலும் உறுதி என்று ஒப்பந்தம் இருந்தது. யார் அக்கறையாக வண்டியை எடுப்பார்கள்? மக்கள் மணிக்கணக்கில் தெருவில் நின்றார்கள், மெட்ரோ பிதுங்கியது. அதிபர் மிஷேல் பாச்சலேட் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அரசின் கணக்கில் மிச்சப்படுத்திய செலவு எங்கும் மறைந்துவிடவில்லை. அது பயணிகளின் கால்வலியாகவும், பறிபோன தூக்கமாகவும், அரைநாள் சம்பளமாகவும் இடம் மாறியது. அந்தச் செலவுக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

'பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது' என்ற பேச்சும் அப்படித்தான். சாலைக்கும் தெருவிளக்குக்கும் லாபம் கேட்கிறோமா? பஸ்ஸில் மாலை ஷிப்ட் முடிந்து செவிலியர் வீடு திரும்புகிறார் என்றால் அதற்குப் போன மானியம் நஷ்டம் அல்ல. ஆனால் மானியம் வாங்கிக்கொண்டு அந்தக் கடைசி நடையையே ரத்து செய்தால், அதற்குப் பெயர் நஷ்டம். எவ்வளவு கொடுத்தோம் என்பதோடு எத்தனை நடை ஓடவில்லை என்பதும் ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டும்.

பராமரிப்பு விஷயத்தில் எனக்கு ஆதங்கம் இன்னும் அதிகம். புது வண்டிக்கு நாடா வெட்டலாம், பழைய வண்டியின் பிரேக்கை மாற்றியதற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. அதனால் பணிமனையில் உதிரி பாகத்துக்கு வண்டிகள் காத்துக் கிடக்கும்போதே புது வண்டிக்கு டெண்டர் போகிறது. வாஷிங்டன் மெட்ரோ தொடங்கி நாற்பது ஆண்டு நிறைவதற்குச் சில நாட்களே இருந்தபோது, 2016 மார்ச் 16 அன்று, மின்கேபிள்களைச் சோதிக்க மொத்த ரயில் சேவையையும் ஒரு நாள் நிறுத்த வேண்டி வந்தது. தள்ளிப்போட்ட பராமரிப்பு என்பது வட்டியோடு திரும்பி வரும் கடன்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மாட்ரிட் நகரம் 1995க்கும் 2003க்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் மெட்ரோ கட்டியது. பொறுப்பில் இருந்தவர் மனுவேல் மெலிஸ் என்ற பொறியாளர். அவரிடம் இருந்தது ஒரு சிறிய பொறியாளர் குழு. முடிவுகளைக் களத்திலேயே எடுத்தார்கள், நிலையங்களை எளிமையாக, ஒரே மாதிரியாகக் கட்டினார்கள். இதற்கு நேர்மாறாக, நியூயார்க்கில் 2017 ஜனவரி 1 அன்று திறந்த இரண்டாம் அவென்யூ மெட்ரோ பாதையின் முதல் கட்டத்துக்குச் சுமார் 450 கோடி டாலர் ஆனது. கிடைத்தவை மூன்று புதிய நிலையங்கள். மண், கூலி, சட்டம் எல்லாம் வேறுதான். ஆனாலும் தன் வேலையைத் தானே புரிந்துகொள்ளும் ஆட்களை அரசு சம்பளத்தில் வைத்துக்கொள்ளாமல், திட்டம் தீட்டவும் மேற்பார்வைக்கும் சரிபார்க்கவும் வெளி ஆலோசகர்களையே நம்பினால், ஒப்பந்ததாரர் நீட்டும் பில் நியாயமா என்று கேட்கத் தெரிந்த ஒருவர்கூட உள்ளே இருக்க மாட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றுவது அங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு வேண்டியது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒப்புதல் தரும் நாளில் ஒரு பக்கம் வெளியிடட்டும்: எவ்வளவு செலவாகும், எப்போது முடியும், எத்தனை பேர் பயணம் செய்வார்கள், காத்திருப்பு எவ்வளவு குறையும். கீழே, கணித்தவரின் பெயரும் ஒப்புதல் தந்தவரின் பெயரும். திறந்த பிறகு பத்து வருடம், ஆண்டுதோறும் அதே பக்கத்தில், அதே எண்களுக்குப் பக்கத்தில், நடந்த எண்களை எழுதட்டும். எண் குறைந்தால் தண்டிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஏன் குறைந்தது என்று நான்கு வரி எழுதினால் போதும், அடுத்த திட்டம் போடுகிறவர் அதைப் படிப்பார்.

இந்த வாரம் இரண்டாவது மனுவை அனுப்பியிருக்கிறேன். இந்த முறை ஒரே கேள்வி: 'மேற்படி நிறுத்தத்தில் உள்ள மின்னணுப் பலகை கடைசியாகச் சரியான நேரம் காட்டியது எந்தத் தேதியில், அதைக் குறித்து வைத்திருப்பவர் யார்?' பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். உங்கள் நிறுத்தத்துக்கும் இதே கேள்வியை எழுதி அனுப்புங்கள்.