ஹாகியா சோபியா: பெயர் எதைக் குறிக்கிறது

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா, சோபியா என்ற புனிதப் பெண்ணின் பெயரில் கட்டப்பட்ட தேவாலயம் என்று ஒரு கருத்து வந்து, பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அப்படி இல்லைங்க. அந்தப் பெயரில் ஒரு புனிதர் இருப்பது உண்மைதான். இந்தக் கோயில் அவருக்கானது அல்ல.

கிரேக்கத்தில் சோபியா என்றால் ஞானம். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியன் கி.பி. 537-இல் கட்டி முடித்த இந்தத் தேவாலயம் ‘புனித ஞானத்துக்கு’, அதாவது கிறிஸ்துவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கிறிஸ்துவை ஞானம் என்று அழைப்பது பைபிளிலேயே இருக்கும் வழக்கம். சரிபார்க்க, தமிழ் பைபிளில் 1 கொரிந்தியர் 1:24-ஐப் பாருங்கள்: ‘தேவஞானம்’ என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் அதே இடத்தில் இருப்பது சோபியா என்ற சொல்தான். பக்கத்திலேயே உள்ள ஹாகியா ஐரீன் தேவாலயத்தையும் தேடிப் பாருங்கள். அதுவும் ஒரு பெண்ணின் பெயர் போலத்தான் ஒலிக்கும், பொருள் ‘புனித அமைதி’.