"ஒரு எடிட்டர்தானே, அரை நாள் வேலை"

"வேர்டுல இருக்கிற மாதிரி ஒரு பெட்டி வேணும். போல்டு, கலர், டேபிள் எல்லாம் வரணும்" என்று கேட்டார்கள். ஒரு நிறுவனத்துக்குள் அறிவிப்பு போடுவதற்கான சின்ன வெப் அப்ளிகேஷன் அது. "அரை நாள் வேலை" என்று வாயைக் கொடுத்தது நான்தான். சொன்னதில் பொய்யும் இல்லை. யாரோ எழுதிவைத்த எடிட்டர் லைப்ரரி ஒன்றை இறக்கி, ஏற்கெனவே இருந்த டெக்ஸ்ட்ஏரியாவில், அதாவது வெறும் எழுத்து மட்டும் அடிக்கிற பெட்டியில் மாட்டி, டூல்பார் பளபளவென்று வந்து நின்றபோது மதியம்கூட ஆகவில்லை. மிச்ச வேலை எட்டு மாதம் நடந்தது.

முதல் புகார் மூன்றாம் நாள் வந்தது. ஒரு அறிவிப்பைத் திறந்தால் அதற்குக் கீழே இருக்கிற எல்லா அறிவிப்புகளுக்கும் எழுத்துரு மாறிவிடுகிறதாம். டேட்டாபேஸில் போய்ப் பார்த்தேன். அறிவிப்பு என்னவோ "திங்கட்கிழமை மீட்டிங் புதன்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது" என்ற நான்கு சொற்கள்தான். அதற்கு முன்னால் இரண்டு திரை, பின்னால் ஒரு திரை: 'எம்எஸ்ஓ' என்று தொடங்கும் ஸ்டைல்கள், எழுத்துரு விவரங்கள், கமெண்டுகள், எந்த பிரவுசருக்கும் தேவைப்படாத டேக்குகள் (இது பத்தி, இது தடித்தது என்று குறிக்கிற குறிகள்). எழுதியவர் வேர்டில் அடித்து, காப்பி செய்து, பெட்டியில் ஒட்டியிருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. வேர்டு மாதிரி பெட்டி கேட்டவர் வேர்டிலிருந்துதானே கொண்டுவருவார்?

அன்றைக்குத்தான் புரிந்தது. எடிட்டரை வைத்த நிமிடத்திலிருந்து, யாரோ எங்கிருந்தோ அள்ளிக்கொண்டுவந்து கொட்டுகிற ஹெச்டிஎம்எல்லுக்கு, அதாவது டேக்குகளால் ஆன வெப் பக்க மொழிக்கு, நாம் காவல்காரன். பட்டன்கள் எல்லாம் வாசல் அலங்காரம். அதனால் என் கட்சி இதுதான்: எந்த எடிட்டர் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், எதையெல்லாம் உள்ளே விடமாட்டோம் என்று முடிவு செய்ய வேண்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

இந்தச் சிக்கலின் வேர் கொஞ்சம் பழையது. ஒரு வெப் பக்கத்தின் துண்டை அப்படியே திருத்தும்படி ஆக்குகிற 'கன்டென்ட்எடிட்டபிள்' வசதி 2000-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5-இல் வந்தது. மற்ற பிரவுசர்கள் அதைப் பார்த்துத் தங்கள் போக்கில் செய்துகொண்டன. என்டர் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. எக்ஸ்ப்ளோரர் பத்திக்கான 'பி' டேக் போட்டது, குரோம் வெறும் பெட்டியான 'டிவ்' போட்டது, ஃபயர்ஃபாக்ஸ் வரியை மட்டும் உடைக்கிற 'பிஆர்' போட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 'டிவ்'வுக்கு மாறியது 2018-இல்தான். போல்டு, இட்டாலிக் செய்ய எல்லோரும் நம்பியிருந்த 'எக்செக்கமாண்ட்' இப்போது வழக்கொழிந்த பட்டியலில் இருக்கிறது. கூகுள் டாக்ஸ் 2010-லேயே இதையெல்லாம் விட்டுவிட்டு, கர்சர் முதற்கொண்டு தானே வரைந்துகொள்ளப் போய்விட்டது. அவர்களுக்கு ஆள்பலம் இருக்கிறது. "நாமே ஒரு எடிட்டர் எழுதிடலாமே" என்று உங்கள் குழுவில் யாராவது ஆரம்பித்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

சரி, லைப்ரரிதான் என்று ஆனபிறகு எதை எடுப்பது? பழைய தலைமுறை எடிட்டர்கள் பிரவுசர் தருகிற ஹெச்டிஎம்எல்லையே உண்மை என்று எடுத்துக்கொண்டு, அதைத் துடைத்துத் துடைத்துச் சமாளித்தன. லெக்சிக்கல், புரோஸ்மிரர், அதன்மேல் கட்டிய டிப்டாப் போன்றவை ஆவணத்துக்குத் தங்களுடைய சொந்த வடிவம் ஒன்றை வைத்துக்கொள்கின்றன. திரையில் தெரிவது அதன் நிழல்தான். புரோஸ்மிரரில் 'ஸ்கீமா' என்று ஒன்று எழுத வேண்டும்: பத்தி உண்டு, தலைப்பு உண்டு, பட்டியல் உண்டு. ஸ்கீமாவில் இல்லாதது எங்கிருந்து ஒட்டினாலும் உள்ளே வராது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. உடனே டூல்பார் கிடைக்காது, நாமே கட்ட வேண்டும். அதுகூட நல்லதுதான், ஒவ்வொரு பட்டனையும் வைப்பதற்கு முன் யோசிப்போம். லைசென்ஸையும் ஒருமுறை படித்துவிடுங்கள். யாரும் எதிலும் வைத்துக்கொள்ள விடுகிற எம்ஐடி லைசென்ஸில் இருந்த டைனிஎம்சிஇ எடிட்டர், 2024-இல் ஏழாம் பதிப்போடு, சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூலநிரலையும் திறக்கச் சொல்கிற ஜிபிஎல்லுக்குப் போனது. விற்கிற மென்பொருளுக்குள் வைப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேர்டு குப்பையைப் பார்த்த கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். ஒட்டுவதில் வருகிற ஸ்டைல் அத்தனையும் நீக்கிவிடு, டேக் மட்டும் இருக்கட்டும் என்று எழுதிவைத்தேன். மறுநாள் ஒருவர் முழு அறிவிப்பும் தடித்த எழுத்தில் வருகிறது என்றார். அவர் ஒட்டியது கூகுள் டாக்ஸிலிருந்து. கூகுள் டாக்ஸ் காப்பி செய்யும்போது மொத்தத்தையும் ஒரு போல்டு டேக்குக்குள் சுற்றித் தருகிறது. கூடவே "தடிமன் சாதாரணம்" என்று ஒரு ஸ்டைலையும் வைக்கிறது. உள்ளே உண்மையிலேயே தடிமனாக இருக்கும் சொல்லுக்கோ போல்டு டேக் கிடையாது, ஸ்டைலில் 700 என்று எண் மட்டும்தான். நான் ஸ்டைலைப் பிடுங்கியதும் தடிக்கக் கூடாதது எல்லாம் தடித்துவிட்டது, தனியாகத் தெரிய வேண்டிய சொல் கூட்டத்தில் கரைந்துவிட்டது. அரை மணி நேரம் நான் எழுதிய நிரலையே சந்தேகித்துவிட்டு, கிளிப்போர்டைப் பிரித்துப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. நல்ல எடிட்டர்கள் இதற்கென்றே தனி விதி வைத்திருக்கின்றன.

அடுத்தது பாதுகாப்பு. "எடிட்டரே சுத்தம் செய்துவிடுகிறதே" என்று நினைத்தால் தொலைந்தோம். எடிட்டர் இருப்பது பிரவுசரில். அதைத் தொடாமலேயே சர்வருக்கு நேராக எதையும் அனுப்பலாம். இல்லாத படம் ஒன்றைக் காட்டச் சொல்லி, "படம் வராவிட்டால் இந்த ஸ்கிரிப்டை ஓட்டு" என்று ஒரு வரி போதும், அறிவிப்பைத் திறக்கிற ஒவ்வொருவர் பெயரிலும் அது ஓடும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் சாமி காம்கர் என்ற இளைஞர் தன் புரொஃபைலில் வைத்த துண்டு, 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் பரவியது. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை அந்தத் தளம் தடுத்துத்தான் வைத்திருந்தது. அவர் அந்தச் சொல்லை இரண்டு வரிகளாக உடைத்துப் போட்டார், சில பிரவுசர்கள் அதையும் ஓட்டிவிட்டன. கெட்டதைப் பட்டியலிட்டுத் தடுக்கப் போனால் இதுதான் கதி. அனுமதிப்பவற்றைப் பட்டியலிட்டு, மற்ற எல்லாவற்றையும் சர்வரில் வெட்ட வேண்டும். அதையும் நாமே ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடிப் பிடிக்கிற சூத்திரத்தில்) எழுதக் கூடாது, டாம்ப்யூரிஃபை போல ஹெச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யவென்றே இருக்கிற லைப்ரரியை எடுத்துக்கொள்ளலாம்.

படம் ஒட்டுவது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டினால் பல எடிட்டர்கள் அதை பேஸ்64 எழுத்துகளாக மாற்றி ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே செருகிவிடும். அதில் படத்தின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்காகிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 'டெக்ஸ்ட்' வகை நெடுவரிசை தாங்குவது 65,535 பைட். அளவு மீறினால் பிழை காட்டுகிற ஸ்ட்ரிக்ட் மோடு இல்லாத பழைய அமைப்பில் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். இப்படித்தான் ஒரு அறிவிப்பில் பாதிப் படமும், அதற்குக் கீழே எழுதிய மொத்தமும் காணாமல் போயிருந்தது. அதை நான்தான் அழித்தேன் என்று எழுதியவர் இன்றும் நம்புகிறார்.

தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு தலைவலி. ஆண்ட்ராய்டு கீபோர்டுகள் பலவும் ஒரு சொல்லை முடிக்கும்வரை அதைக் 'கட்டுமானத்தில்' வைத்திருக்கும். அந்த நேரத்தில் எடிட்டர் அவசரப்பட்டுத் திரையைத் திரும்ப வரைந்தால் எழுத்து இரட்டிக்கும், அல்லது மறையும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவருக்கு இது கண்ணிலேயே படாமல் போகலாம். இன்னொன்று எழுத்து எண்ணிக்கை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து. 500 எழுத்து வரம்பு வைத்தால் தமிழில் எழுதுகிறவர் முன்னூறு சொச்சத்திலேயே சுவரில் முட்டுவார். முன்னோட்டத்துக்காக நடுவில் வெட்டினால் 'மொழி' என்பது 'மொழ' என்று நிற்கும். எழுத்துக் கொத்துகளாகப் பிரிக்கும் செக்மென்டர் இப்போது பிரவுசரிலேயே இருக்கிறது, யாரும் எடுத்துப் பயன்படுத்தினால்தானே!

இப்போதெல்லாம் யாராவது எடிட்டர் கேட்டால், என்ன எழுதப்போகிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பேருக்கு வரி உடைந்து தெரிந்தால் போதும். அதற்குச் சாதா டெக்ஸ்ட்ஏரியாவும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரியும் போதுமானது. மிச்சப் பேருக்குப் போல்டு, லிங்க், பட்டியல், ஒரே ஒரு தலைப்பு அளவு. எடிட்டர் போட்ட முதல் ஒரு மணி நேரத்திலேயே வேர்டிலிருந்தும் கூகுள் டாக்ஸிலிருந்தும் ஒட்டிப் பார்த்து, போனில் தமிழில் நாலு வரி அடித்து, கன்ட்ரோல் இசட்டைப் பத்து தடவை அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.

அந்த அறிவிப்பு அப்ளிகேஷனிலும் கடைசியில் இருபத்திரண்டு பட்டன்களை நான்காகக் குறைத்தோம். பெரிய சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். ஒரே ஒருவர்தான் கூப்பிட்டார், சிவப்புக் கலர் எங்கே என்று. எதற்கு என்று கேட்டேன். அவசர அறிவிப்பை மட்டும் சிவப்பில் போடுவாராம். ஃபார்மில் 'அவசரம்' என்று ஒரு செக்பாக்ஸ் வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.