சந்தா கேட்டால் வழிப்பறியா?

சென்ற வாரம் எங்கள் ஆலை வாசலில் எடுக்கப்பட்ட அந்தக் காணொளியை நண்பர்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. சங்கம் பேசி வாங்கிய ஊதிய உயர்வின் நிலுவைத் தொகை வங்கிக் கணக்கில் ஏறிய மறுநாளே, சங்கச் சந்தா கேட்பதை ‘வழிப்பறி’ என்று அதில் ஒரு தம்பி பேசினார். அதைப் பகிர்ந்து மகிழ்ந்தவர்களில் பலர் அதே நிலுவையை வாங்கியவர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

சந்தா கட்டாயம் என்கிறார். எந்தக் கட்டாயம்? 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி செய்ததே தவிர, சங்கத்தில் சேர்ந்தால்தான் வேலை என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் நாங்கள் போட்டது பன்னிரண்டு மூன்று ஒப்பந்தம், அதாவது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின்படி நிர்வாகத்துடன் செய்துகொண்ட சமரச ஒப்பந்தம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த அச்சட்டத்தின் 18(3) பிரிவின்படி அத்தகைய ஒப்பந்தம், உறுப்பினரோ இல்லையோ, ஆலையின் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தும். ஆக, கட்டாயம் என்று ஒன்று இருந்தால் அது எங்கள் தலையில்தான் இருக்கிறது: சந்தா கட்டாதவருக்கும் சேர்த்தே பேசியாக வேண்டிய கட்டாயம். பந்தியில் அமர்ந்து வயிறார உண்டுவிட்டு, மொய் எழுதுபவனைத் திருடன் என்று சொல்லலாமா?

அமெரிக்காவைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்ப்போம். அங்கே உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் முறையை 1947-இன் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டமே தடை செய்துவிட்டது. உறுப்பினர் அல்லாதவரிடம் பேச்சுவார்த்தைச் செலவுக்காக ஒரு கட்டணம் வாங்கலாமா என்பதுதான் எஞ்சிய வழக்கு. அரசு ஊழியர் விஷயத்தில் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் அக்கட்டணத்துக்குத் தடை கொண்டுவந்த மிச்சிகன் மாநிலம், 2023-இல் அந்தத் தடையைத் தானே நீக்கச் சட்டம் இயற்றியது என்பதையும் சேர்த்துப் படிக்கலாம். அதே 2023-இல் அமெரிக்கா முழுவதும் முழுநேர ஊழியரின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின்) வார வருமானம், சங்க உறுப்பினர்களுக்கு 1,263 டாலர். மற்றவர்களுக்கு 1,090 டாலர். தொழில், ஊர், அனுபவம் எல்லாம் அந்த வேறுபாட்டில் கலந்திருக்கின்றன என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான், கலந்திருக்கின்றன.

அதனால் எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். என் அம்மாவும் சின்னம்மாவும் ஏற்காட்டில் அடுத்தடுத்த இரண்டு காப்பித் தோட்டங்களில் பழம் பறித்தவர்கள். இரண்டுக்கும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்றே. அம்மாவின் தோட்டத்தில் சங்கம் இருந்தது. குளிர்காலத்துக்கு முன்பே கம்பளி வந்துவிடும், குறித்த எடைக்கு மேல் பறித்த பழத்துக்குத் தனிக் கூலியும் உண்டு. சின்னம்மாவின் தோட்டத்தில் சங்கம் இல்லை. மார்கழிப் பனியில் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பறித்தார். எடை போடும் இடத்தில் கங்காணி சொன்னதே எடை. கம்பளி சட்டப்புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

சங்கத் தலைவர்கள் யோக்கியமா என்று கேட்பீர்கள். சிலர் இல்லை. அவர்களை வாக்களித்து மாற்ற உறுப்பினரால் முடியும்; வெளியில் நின்று படம் பிடிப்பவரால் முடியாது. தனிமனித உரிமை என்பீர்கள். மிக நல்லது. தனிமனிதராக மேலாளர் அறைக்குள் சென்று உங்கள் ஊதியத்தை நீங்களே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களால் வந்த உயர்வைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைச் செய்தால் இன்னும் அழகாக இருக்கும்.

சந்தா வராததுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தத் தம்பிக்குக் கையில் இயந்திரம் பட்டபோது, அவர் உறுப்பினரா என்று பார்க்காமல் இரவெல்லாம் மருத்துவமனையில் இருந்து, மறுநாள் விபத்து அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதவிடாமல் நிர்வாகத்திடம் சண்டையிட்டவர்கள் நாங்கள். காணொளியில் அவர் நீட்டி நீட்டிப் பேசுவது அந்தக் கையைத்தான். இன்று எனக்கு ‘உண்டியல் குலுக்கி’ என்று பெயர். இருக்கட்டும்.

வரவு செலவுப் புத்தகம் சூரமங்கலம் சங்க அலுவலகத்தில் என் மேசையில்தான் இருக்கிறது. ஞாயிறு காலை யார் வேண்டுமானாலும் வந்து வரிக்கு வரி பார்க்கலாம். வருகிறவர்கள் நிலுவைத் தொகை ஏறிய வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.