உப்பு உவர்ப்பை மட்டும் தருவதில்லை

"உப்பு உவர்ப்பை மட்டும்தான் கூட்டும், மற்ற சுவைகளைத் தொடாது" என்று சிலர் சொல்வது சரியில்லைங்க. உப்பிலுள்ள சோடியம் நாக்கில் கசப்பு தெரிவதையே குறைக்கும், கசப்பு அடங்கினால் அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வரும். 1997இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வில் கசப்புக்கு யூரியாவும் இனிப்புக்குச் சர்க்கரையும் கலந்து, உவர்ப்பு குறைவான சோடியம் அசிடேட் என்ற சோடியம் உப்பைச் சேர்த்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். சர்க்கரை போடாத கடுங்காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு உப்பு போட்டுக் குடித்துப் பாருங்கள், உப்பு தெரியாது, கசப்பு மட்டுப்பட்டிருக்கும். பாகற்காயை உப்பில் பிசறிப் பிழியும்போது சாறோடு கசப்பு இறங்குவது உண்மைதான், ஆனால் அது வேறு விஷயம்.