முன்பணம் கொடுக்கும் நாளிலேயே காலி செய்யும் நாளைப் பாருங்கள்

சென்னை மடிப்பாக்கத்தில் மூன்று ஆண்டுகள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டைக் காலி செய்தபோது, நாங்கள் கொடுத்திருந்த 1,08,000 ரூபாய் முன்பணத்தில் 80,500 ரூபாய்தான் கைக்கு வந்தது. அதுவும் இரண்டரை மாதம் நடையாய் நடந்த பிறகு, மூன்று தவணையாக. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை 18,000, குளியலறைக் கதவுக்கு 7,500, சமையலறையைச் சுத்தம் செய்ய 2,000 என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். அந்தக் கதவின் அடிப்பகுதி நாங்கள் குடிபோன நாளிலேயே தண்ணீரில் ஊறி உப்பி, பிளைவுட் தாள் தாளாகப் பிரிந்து கிடந்தது. அன்றே தொலைபேசியில் சொன்னேன்; "பார்த்துக்கலாம் சார்" என்றார். மூன்று ஆண்டு கழித்து அந்தப் பேச்சுக்கு யார் சாட்சி?

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீடு பார்க்கப் போகும்போது நாம் பூஜை அறை இருக்கிறதா, பால்கனியில் துணி காயுமா என்றெல்லாம் கேட்கிறோம். கொடுக்கிற பணம் எப்படித் திரும்பி வரும் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் வீடு கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம், தரகர் வேறு "இன்னும் இரண்டு பார்ட்டி வெயிட்டிங்" என்று அவசரப்படுத்துவார். ஒப்பந்தத்தைக் கடைசிப் பத்தியிலிருந்து, அதாவது காலி செய்வதைப் பற்றிய வரிகளிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் மூன்று மாத வரம்பு, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரைக்கும்தான். ஆறு மாதமோ பத்து மாதமோ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தப் பாதுகாப்பை நாமே விட்டுக்கொடுத்தவர்களாகிறோம். நான் அப்படித்தான் ஆறு மாத வாடகையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம் என்ற எண்ணமும் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவைக் கட்டாயமாக்கிய 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. புதிய வாடகைச் சட்டத்தின்படி, எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி அரசு அமைத்த வாடகை அதிகார அமைப்பிலும் பதிய வேண்டும். வீட்டுக்காரர் தயங்கினால், ஏன் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

போகியத்துக்கு வீடு எடுப்பவர்கள் இன்னும் பல மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாடகை இல்லையே என்று பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துக் குடியேறிய பிறகு, அந்த வீடு ஏற்கெனவே வங்கிக் கடனுக்கு ஈடாக இருப்பது ஏல நோட்டீஸ் ஒட்டும் நாளில்தான் தெரியவருகிறது என்றால், அந்தப் பணத்துக்கு யாரைப் பிடிப்பது? பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பதற்கு ஆகும் செலவு, தரகருக்குக் கொடுக்கும் கமிஷனில் ஒரு துளிதான். வில்லங்கத்தில் பதிவாகாத கடனும் இருக்கக்கூடும் என்பதால், மூலப்பத்திரத்தை நேரில் காட்டச் சொல்வதும் நல்லது.

மின்சாரத்தில் ஒரு சிறு கேள்வி போதும்: இந்த வீட்டுக்குத் தனி இணைப்பு எண் இருக்கிறதா, இல்லை வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து பிரித்த சப் மீட்டரா? தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் நமக்கே கிடைக்கும், பில்லையும் நாமே கட்டலாம். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வைப்பதுதான் விலை.

தண்ணீரைப் பற்றித் தரகரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். கோடையில் எத்தனை லாரி வருகிறது, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்பதையெல்லாம் அவர் கையால் அளந்தே காட்டுவார். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளம் பார்ப்பவர்கள் சுற்றுச்சுவரில் புது பெயின்டுக்கு அடியில் தெரியும் கறைக்கோட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

வாடகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வருமான வரியில் வீட்டு வாடகைப் படிக்கான விலக்குக் கேட்கும்போது வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்; அதைத் தருவாரா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போதைய வீட்டுக்குச் சாவி வாங்கிய அன்று, சாமான் இறக்குவதற்கு முன்பே, ஒவ்வொரு கதவையும் குழாயையும் சுவர் விரிசலையும் நாற்பத்திரண்டு படமாக எடுத்து வீட்டுக்கார அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒப்பந்தத்தில், காலி செய்த 30 நாளுக்குள் முன்பணம் திரும்ப வேண்டும் என்றும், பெயின்டுக்கு 8,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் பேனாவால் எழுதிச் சேர்க்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, "ஹால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்று தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். இருவரும் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டோம். நாள்காட்டி இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான் தொங்குகிறது.